மூடி வைத்த டம்ளர்

"டீச்சர், ஒருத்தர் இறந்துட்டா, அதை அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க?"

கேட்டது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வார்டு நர்ஸ். பத்து மாதத்தில் அவளாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

டீச்சர் சிரித்துவிட்டாள். "கடைசி நாளும் அதுவுமா கேக்கிற கேள்வியா இது? பாட்டுப் பாடச் சொல்வீங்கன்னு நெனைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தும்மினால்கூட அதற்கொரு கேலி வைத்திருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவரே குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடல் கடந்து வந்து பார்த்த வேலை இது. ஆஸ்பத்திரிக்கு வரும் தமிழ் நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசுவதற்காக, அங்கே வேலை செய்பவர்களுக்குத் தமிழ் வகுப்பு. இலக்கணம் பெரிய வாத்தியார் பாடு, பேச்சு இவள் பாடு. பெயருக்குத்தான் உதவி ஆசிரியை. பேச்சுத் தமிழ் என்று வந்துவிட்டால் உள்ளூர்க்காரரான பெரிய வாத்தியாரே இவளிடம் கைகட்டி நிற்பார்.

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நாளை மதியம் விமானம். பெட்டிதான் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. தம்பிக்கு வாங்கிய ஷூ அவ்வளவு பெரிசு. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். 'அக்கா, இன்னும் ரெண்டே நாள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன், வேற யார் வண்டியிலும் ஏறித் தொலைக்காதே' என்று நேற்றுகூட மெசேஜ் அனுப்பியிருந்தான். பதினோரு மணிக்கு வகுப்பு முடிந்ததும், வாசலில் கொடுத்துவிட்டு வந்த செல்போனை வாங்கி முதல் வேலையாக அவனைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் காலையிலிருந்தே எதுவோ சரியில்லை. செல்போனை வாங்கி வைக்கும் வாட்ச்மேன், என்றைக்கும் இல்லாமல் எழுந்து நின்று வாங்கினார். வழியனுப்பு விழாவுக்காக நேற்று சுவர் முழுக்க ஒட்டிய வண்ணக் காகிதம் ஒன்றையும் காணோம். டேப் ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. இவள் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத பெரிய வாத்தியார் இன்று கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர், மூடி போட்டு. அவள் கேட்கவே இல்லை. பிரியப் போகிற வருத்தம் எல்லோருக்கும் இருக்கும்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"வார்டுக்காகவா கேக்கறீங்க?"

"இன்னைக்கே சொல்லியாகணும் டீச்சர்" என்றாள் நர்ஸ். "ஒரு பொம்பளை. உங்க பாஷைக்காரங்க. சொந்தபந்தம் யாரும் பக்கத்துல இல்லை."

"ஐயோ பாவம். கூட யாருமே இல்லையா?"

"நாங்கதான் இருக்கோம்."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. எங்க ஆளுங்ககிட்ட எடுத்த எடுப்புல போட்டு உடைக்கக் கூடாது. மூணு தடவையாச் சொல்லணும். முதல்ல, 'கொஞ்சம் உடம்பு சரியில்லை'. கொஞ்ச நேரம் விட்டு, 'சீரியஸாத்தான் இருக்கு'. அப்புறம் பக்கத்துல உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிக்க வெச்சுட்டு, அதுக்கப்புறம்தான் விஷயத்தையே சொல்லணும்."

பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இறந்தவரை உடம்பு சரியில்லைன்னு சொல்றது பொய் இல்லையா?" என்றான் டிரைவர், தலை நிமிராமல்.

"பொய்தான். ஆனா அது யாரையும் ஏமாத்தாது. நாலு பேர் சுத்தி நின்னுக்கிட்டு 'கொஞ்சம் உடம்பு சரியில்லை'ன்னு ஆரம்பிச்சாலே எங்களுக்கு விஷயம் புரிஞ்சுடும். மிச்ச ரெண்டும் மனசைத் தேத்திக்கத்தான்."

"ஃபோன்ல சொல்லலாமா?" என்றார் இன்னொருவர்.

"கூடவே கூடாது. தெரிஞ்ச முகம் நேர்ல சொல்லணும்."

"கையைப் பிடிச்சுக்கலாமா டீச்சர்?" நர்ஸ் கேட்டாள்.

"பிடிச்சுக்கோ. பொம்பளைக்குப் பொம்பளை, அதுல என்ன இருக்கு? எங்கே, என்னை அந்தப் பொம்பளைன்னு நெனைச்சுக்கிட்டுச் சொல்லு பார்ப்போம். மாமான்னு வெச்சுக்கோ."

நர்ஸ் எழுந்து வந்தாள். "உங்க மாமாவுக்கு..." அதற்குமேல் வரவில்லை.

"அடிப் பொண்ணே, ஒத்திகைக்கே இப்படின்னா எப்படி? நீ உடைஞ்சு போனா அந்தப் பாவி மக யாரைப் பிடிச்சுக்குவா? குரல் நடுங்கக் கூடாது. மறுபடியும் சொல்லு."

மறுபடியும் சொன்னாள். இன்னொரு தடவை. அதற்கும்மேல் ஒரு தடவை. 'கொஞ்சம்' என்ற இடத்தில் நிதானிக்கச் சொல்லிக்கொடுத்தாள் டீச்சர். ஐந்தாவது தடவை பிசிறில்லாமல் வந்தது.

"அவ்வளவுதான். இனி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்" என்று அவள் தோளில் தட்டினாள்.

மணி பதினொன்று ஆனது. பெஞ்சைத் தள்ளிக்கொண்டு டியூட்டிக்கு ஓடுகிறவர்கள் யாரும் ஓடவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து டீச்சரைச் சுற்றி நின்றார்கள். பெரிய வாத்தியார் கதவைச் சாத்தினார்.

"என்ன எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் டீச்சர்.

நர்ஸ் டம்ளரின் மூடியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, குரல் நடுங்காமல் சொன்னாள்:

"டீச்சர், விடியக்காலையில உங்க சித்தப்பா ஆபீசுக்கு ஃபோன் பண்ணினார். உங்க தம்பிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம்."