மேகம் உள்ளே வரும் ஓட்டல்

"இதுவும் சரிப்படாது!" என்று சொல்லிக்கொண்டே பால்கனியிலிருந்து உள்ளே வந்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

கட்டில் மேல் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டும் பொத்தென்று உட்கார்ந்தன.

"ஏம்ப்பா? நீச்சல் குளம்லாம் இருக்குப்பா!" என்றான் பெரியவன்.

"அந்தக் குளிர்ல நீச்சல் குளமாடா? விறைச்சுப் போயிடுவே. அடுத்ததைக் காட்டு."

வீடே ஒரு வாரமாகத் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. இருக்காதா பின்னே! நாலு வருஷம் கழித்து மலைக்குப் போகிறார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவளிடம் அவளிடம் கெஞ்சி, டூட்டி மாற்றி, எப்படியோ லீவு வாங்கிவிட்டாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வந்துவிட்டன. காரும் சொல்லியாயிற்று. போன தடவை கூட்டிப்போன அதே டிரைவர்தான்.

ஓட்டல் ஒன்றுதான் பாக்கி. அதுதான் அமையவே மாட்டேன் என்கிறது.

"அம்மா, இங்க பாரு, இங்க பாரு!" சின்னவள் செல்போனை அவள் மூக்கிலேயே இடித்தாள். "ஜன்னலைத் திறந்தா மேகம் ரூமுக்குள்ள வருமாம்மா!"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கே சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கலாம் போலிருந்தது. கண்ணாடிச் சுவர், கீழே பள்ளத்தாக்கு, கட்டில் வரைக்கும் வெள்ளை வெளேரென்று மேகம்.

"ஏங்க, இதையே போட்டுடுங்க. நான் முடிவு பண்ணிட்டேன்!"

"இரு, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று மறுபடியும் பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. ரூம் கேட்க எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். அந்தப் பழைய நாட்களில் கூட்டாளிகளோடு பேசுவாரே, அச்சு அசல் அதே மாதிரி.

போன தடவை போன அழகு அவளுக்கு மறக்குமா? போய் இறங்கின சாயங்காலமே மனுஷர் ஓட்டல் பாரில் போய் உட்கார்ந்தவர்தான். ஊரே வேடிக்கை பார்க்க, அவளும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அழுத அழுகையில் மலையைப் பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. அப்புறம் ஒருவழியாகப் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டார். ஒரு வருஷமாகத் தொடவில்லை.

இப்போது மலை என்றதும் சபலம் தட்டிவிட்டதோ? பார் இருக்கிற ஓட்டலாகத் தேடுகிறாரோ?

கதவு திறந்தது.

"இதுவும் வேணாம்மா."

"ஏன்? இதுக்கென்ன குறைச்சல்?"

"அது வந்து... மேகம் உள்ள வந்தா துணி காயாது."

"துணி காயவைக்கவா மலைக்குப் போறோம்?"

அவர் போனைத் தடவிக்கொண்டே திரும்பவும் பால்கனிக்கு நழுவிவிட்டார்.

சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். எந்த நிமிஷமும் அழுகை வெடிக்கும்.

பொறுத்தது போதும் என்று நர்ஸ் தன் போனை எடுத்தாள். அதே மேகம் வரும் ஓட்டலுக்கே அடித்தாள். மேனேஜர்தான் எடுத்தார்.

"சார், இப்பத்தான் எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ரூம் கேட்டார். மறைக்காம சொல்லுங்க, உங்ககிட்ட பார் இருக்கான்னுதானே கேட்டார்?"

"ஐயோ, இல்லைங்க மேடம்! நானாத்தான் ஆசை காட்டினேன். பெரிய பார் இருக்கு சார், வாங்கன்னேன். 'நான் அதைத் தலை முழுகிட்டேன், அந்தப் பேச்சே வேணாம்'னுட்டார்."

"அப்போ எதுக்கு வேணாம்னார்?"

"எங்ககிட்ட டிரைவருங்க படுக்க இடம் கிடையாது மேடம். கார்லயே படுத்துக்குவாங்க, எல்லாரும் அப்படித்தானேன்னேன். சாருக்குக் கோபம் வந்திடுச்சு. 'போன தடவை நான் குடிச்சிட்டு மெத்தையில கிடந்தேன், அந்த மனுஷன் பனியில கார்லயே கிடந்தார். நடுங்கிக்கிட்டேதான் எங்களைப் பத்திரமா இறக்கிக் கொண்டுவந்து விட்டார். இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்'னுட்டு வச்சிட்டார்."

நர்ஸ் போனை வைத்தாள்.

அந்த ராத்திரியைப் பற்றி இத்தனை வருஷமாக அவரைக் குத்திக் குத்திக் காட்டியிருக்கிறாள். டிரைவர் எங்கே படுத்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா? மறுநாள் வழி நெடுக அவர் இருமிக்கொண்டே வந்தார். 'பிள்ளைங்க இருக்காங்க, அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க' என்று அதட்டினதுதான் அவள் அவரிடம் பேசின ஒரே பேச்சு.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று பேசிக்கொண்டிருந்த புருஷனைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

சட்டென்று பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. மனுஷர் முகமெல்லாம் பல்.

"கிடைச்சிடுச்சு! கொஞ்சம் சின்ன ஓட்டல்தான். ஆனா ரொம்ப நல்லவங்க!"

"ஹே!" என்று பெரியவன் மறுபடியும் கட்டிலில் ஏறிக் குதித்தான். சின்னவள் மட்டும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"மேகம் வர்ற ஓட்டலுக்கு ஏம்மா போகலை?"

"அங்க நம்ம அஞ்சு பேருக்கும் இடம் இல்லையாம்டி கண்ணு."

"அஞ்சு பேரா? நாம நாலு பேர்தானேம்மா?"

நர்ஸ் மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

"நானும் இத்தனை நாளா அப்படித்தாண்டி எண்ணிக்கிட்டிருந்தேன்."