முந்திக்கொண்ட சுவிட்ச்

வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. ஜெயகணேஷ் இடது கையாலேயே நெட்வொர்க் பெட்டியின் ஒயர்களை விலக்கிப் பார்த்தான்.

"என்னப்பா, மூட்டை தூக்குனியா?" கன்டெய்னர் யார்டு மேனேஜர் சிரித்தார்.

"கொஞ்சம் சுமந்தேன் சார்."

"சரி, விஷயத்துக்கு வா. அந்த லோடுமேன் உள்ள வச்சு செத்தானா, ரோட்டுல அடிபட்டுச் செத்தானான்னு கேமராதான் சொல்லணும். உள்ளன்னா நஷ்டஈடு கொடுக்கணும். படம் இருக்கா?"

"கேமரா, கேட்டு எல்லாத்தையும் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்சு நாலும் ஒண்ணாச் சேர்ந்து ஓடுது சார். அதுல ஒண்ணுதான் தலை, மத்தது அது சொல்றபடிதான் ஓடும். அன்னைக்குக் கரண்ட் போயிட்டு வந்ததும் பழைய தலை எந்திரிக்கப் பிந்திட்டு. போன மாசம் நான் புதுசாச் சேர்த்தது முந்திக்கிட்டுத் தலையாயிட்டு. அதுக்குக் கேமரா எதுன்னே தெரியாது, அதான் படம் எதுவும் பதியல்ல."

"பழசு அப்புறம் எந்திரிச்சிருக்குமே?"

"எந்திரிச்சாலும் அடங்கித்தான் கிடக்கும். எது தலைன்னு முதல்லயே குறிச்சு வச்சிருக்கணும். நான் வைக்கல்ல சார்."

"கேட்டுல அவன் உள்ள வரக் கார்டு தேய்ச்சது?"

"அதுவும் பதியல்ல."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல வேலை செஞ்சப்பா. டீ குடிச்சிட்டுப் போ."

கேட்டுக்கு வெளியே காத்திருந்த செல்வராணி ஓடிவந்தாள். "தம்பி, படத்துல உங்க அண்ணன் இருக்காவளா?"

நேற்று அண்ணனின் பாடையைச் சுமந்த தோளைப் பிடித்தபடி ஜெயகணேஷ் நின்றான். "இல்ல மதினி. எல்லாம் போச்சு."

"அன்னைக்கு இறக்குன சரக்குக்குக் கூலியாவது தருவாவளா?"

"அவன் உள்ளயே வரலன்னு ஆயிட்டு மதினி."

செத்த அன்று காலையில் அண்ணன் இறக்கிய சரக்குக்குக் கூலி எண்ணூறு ரூபாய். அது இன்னும் பாக்கி.