கடைசி பேனல்

வீட்டின் பக்கவாட்டில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்ட அதே நொடியில், கடைசி பேனலின் மேல் ஓரம் சுவரை விட்டு எழும்பி வந்தது.

அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. சட்டென்று திரும்பி, முதுகை வைத்து அழுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

வாங்க மாமா என்று வாய் சொன்னது.

கல்யாணமாகி ஆறு வருஷம். இப்போதுதான் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வருகிறார். எதை எடுத்தாலும் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற பையன், அவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர் சொன்னவர்தான். அதற்குப் பிறகு மகளோடு போனில் மட்டும் பேச்சு. அவனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

போன மாதம் அவள்தான் வாயை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையல் மேடை, அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, எல்லாம் என் வீட்டுக்காரரே தனியாகக் கட்டுகிறார், முகப்பு முழுக்கக் கல் என்று. வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றாராம், நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்த மனிதர்.

கல்லாவது, மண்ணாவது!

கல் மாதிரி அச்சில் வார்த்த பேனல். ரொட்டித் துண்டு போல இரண்டு விரலால் தூக்கிவிடலாம். பதினொன்று ஒழுங்காக ஒட்டிக்கொண்டன. அடுப்புக்குப் பக்கத்தில் ஆள் உயரச் சுவருக்கு வைத்திருந்த பன்னிரண்டாவது, வெயிலில் கிடந்து வில்லாக வளைந்துபோயிருந்தது. பசை இறுக இரண்டு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒட்டியது மூன்று மணிக்கு. இப்போது மூன்று ஐந்து.

விட்டால் விழும். விழுந்தால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். போனை வைத்துவிட்டு அவள் அழுவதை இன்னும் எத்தனை வருஷம் பார்ப்பது?

நாலு மணி பஸ் வரை பிடித்தால் போதும், மானம் தப்பும்.

மாமனார் மேடையைச் சுற்றி நடந்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு மூன்றாவது பேனலை விரல் முட்டியால் தட்டினார்.

டொக்.

காலி டப்பாவைத் தட்டின சத்தம். அவனுக்குப் பாதி உயிர் போயிற்று. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுதான் என்ன தெரிந்தது?

மனைவி டீ கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் குழாயைத் திறந்து காட்டச் சொன்னாள். இதோ என்றான், நகரவில்லை. ஒரு போட்டோ எடுக்கலாம், இந்தப் பக்கம் வாங்க என்றாள். இதோ என்றான். அப்பா வந்திருக்கும்போது இதென்ன திமிர் என்று பார்வையாலேயே கேட்டுவிட்டு உள்ளே போனாள். காலையிலேயே கோழியை மசாலா தடவி வைத்திருந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் மூன்று பேருக்கு வைத்திருந்தாள்.

மூன்றரை. ஓர் எறும்பு கணுக்காலில் ஏறி, நிதானமாக இடம் பார்த்துக் கடித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியர்வையா பசையா என்று தெரியவில்லை. ஓடிவிடலாம் என்றாலும் இன்றைக்கு வழியில்லை.

மூன்றே முக்காலுக்கு மாமனார் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவன் தோளுக்குப் பக்கத்தில் பிதுங்கி வழிந்திருந்த பசையையும் பார்த்தார்.

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டாயிற்று.

"இப்படியே எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அஞ்சு மணி வரைக்கும் மாமா."

அவர் பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து, திரும்பி, தன் முதுகையும் பேனலில் சாய்த்துக்கொண்டார்.

இரண்டு பேரும் தோளோடு தோளாக நின்றார்கள். எதிரே வேலை முடித்து மிஞ்சிய சாமான்கள்: அரை மூட்டை சிமெண்ட், கொஞ்சம் செங்கல், ஒரு நீளப் பலகை. அவன் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது.

அவன் பதறிப்போனான். நான் பிடித்துக்கொள்கிறேன் மாமா, நீங்கள் கிளம்புங்கள் என்றான். அவர் காதில் விழாத மாதிரி நின்றார். பஸ் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அதன் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவர் அசையவில்லை.

பிறகு எதிரே கிடந்த பலகையைக் கண்ணால் காட்டினார்.

"அதை எடுத்துச் சாய்ச்சு வச்சு, அடியில ரெண்டு செங்கல் முட்டுக் குடுங்க, போதும் மாப்பிள்ளை. ஒரு நிமிஷ வேலை."