ஊட்ட வந்தவர்கள்

"ஊட்டாதீங்க. அவரே சாப்பிடுவாரு."

சொல்லிவிட்டாள்.

பாயசக் கரண்டி பொன்னுதுரையின் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பட்டுப்புடவைக்காரம்மா கரண்டியைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். எதிரே போனைத் தூக்கிப் பிடித்திருந்த அவர் கணவர் அதை இறக்கவில்லை. இதுவும் படமாகிக்கொண்டிருந்தது.

அன்று அவர்களுக்குக் கல்யாண நாள்.

இந்த ஒன்றை மட்டும் சொல்லவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே இவளிடம் சொல்லியிருந்தார்கள். இல்லத்துக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் ஊட்டிவிடுவார்கள். கன்னத்தைத் தட்டுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது ஒரு திருப்தி. நீ ஓரமாக நின்றுகொள்.

ஏழு மாதம் ஓரமாகத்தான் நின்றாள்.

அந்த ஏழு மாதத்தில்தான் பொன்னுதுரை கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறந்ததிலிருந்தே கை அவர் பேச்சைக் கேட்காது. நாக்கும் அப்படித்தான். கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தாள். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. முழங்கையை மட்டும் தாங்கிப் பிடிப்பாள். முதல் மாதம் சோறு காதுக்குப் போனது. சட்டைப்பைக்குப் போனது. ஒருமுறை இவள் தலைக்கே வந்தது. அன்று அவர் சிரித்த சிரிப்பில் அந்த வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

இப்போது முழங்கையையும் விட்டாயிற்று.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐம்பது நிமிடம். பாதி கீழே சிந்தும்.

மீதி அவரே சாப்பிட்டது.

வார்டன் இவளை அலுவலகத்துக்குள் கூட்டிப்போனார். கத்தவில்லை. உட்காரச் சொன்னார். நாற்பத்திரண்டு பேருடைய மதியச் சோறு இந்த மாதிரி ஆட்களால்தான் நடக்கிறது என்றார். இவர்கள் மனசு கோணினால் அடுத்த கல்யாண நாளுக்கு வேறு இல்லம் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் இல்லங்களுக்கா பஞ்சம்?

உண்மைதான்.

பொய்யாக இருந்திருந்தால் இவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பில், இலவசமாகக் கொடுத்த ஒரே நோட்டுப் புத்தகத்தைப் போட்டோவுக்காக மூன்று தடவை வாங்கியவள் இவள். முதல் தடவை கேமராக்காரர் தயாராக இல்லை. இரண்டாம் தடவை இவள் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை சரியாகச் சிரித்தாள். அதற்கப்புறம் காலேஜுக்குப் போனாள், தன் வீட்டில் யாரும் வாங்காத பட்டத்தை வாங்கினாள். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் தாடையில் வலிக்கிறது.

"அவன் ஒரு குழந்தைம்மா," என்றார் வார்டன். "ஒரு வாய் ஊட்டினா என்ன கொறஞ்சிரும்?"

"அவருக்கு நாப்பத்து மூணு சார். உங்களுக்கு ரெண்டு வயசு மூத்தவரு."

இந்த இல்லத்தில் எல்லாரும் குழந்தைகள்தான். நரைத்த குழந்தைகள். வாரம் இரண்டு முறை ஷேவ் செய்துவிட வேண்டிய குழந்தைகள். இவள் 'அவர்' என்று சொன்னால், யாரோ வந்திருக்கிறார்களாக்கும் என்று சமையல்காரம்மா வாசலை எட்டிப் பார்ப்பாள்.

அப்போது சாப்பாட்டுக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

நீளமாக. இழுத்து. நடுவில் அடைத்துக்கொண்டு.

மறுபடியும் அதே.

வார்டன் பதறி எழுந்தார். என்ன இப்படிக் கத்துகிறான், நீ போட்ட சத்தத்தில் பயந்துவிட்டான் போல என்றார்.

இவள் அசையவில்லை. மூன்றாம் முறைக்காகக் காத்திருந்தாள். வந்தது.

தினமும் முதல் வாய்க்கு முன்னால் அவர் இவளிடம் கேட்பதுதான். இவளுக்கே புரிய இரண்டு மாதம் ஆனது.

"கத்தலை சார். அந்தம்மாவைச் சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு."

வார்டன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பதினோரு வருடமாக இந்தக் குரலைக் கேட்கிறவர். அதற்குள் ஒரு கேள்வி இருந்தது அவருக்குத் தெரியாது. இங்கே சாப்பாடு போட வந்த யாரிடமும் இதுவரை யாரும் அதைக் கேட்டதும் இல்லை. அவர்கள் போடுவார்கள். போய்விடுவார்கள்.

ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. பட்டுப்புடவைக்காரம்மா போகவில்லை. பாயசக் கரண்டியை வாளியிலேயே போட்டுவிட்டு, பொன்னுதுரையின் முகத்துக்கு அருகில் காதைக் கொண்டுபோயிருந்தார். புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போன் எப்போதோ கீழே இறங்கிவிட்டது.

பொன்னுதுரை கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டிருந்தார். பதில் வராமல் எப்படிச் சாப்பிடுவது என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

வார்டன் ஜன்னலை விட்டு விலகி வந்தார். அதெல்லாம் இருக்கட்டும் என்றார். போய் அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, ஒரு வாய் ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் போகட்டும். முடியாதென்றால் இன்றோடு கிளம்பிவிடு.

சொன்னதில் பழைய அழுத்தம் இல்லை. இவளுக்கு அது கேட்டது. ஆனால் இவள் எழுந்தது அதை நம்பி அல்ல.

"அவரு சாப்பிட்டு முடிக்க இன்னும் அம்பது நிமிஷம் ஆகும் சார்," என்றாள். "போகணும்னா அப்புறம் போறேன்."

பதிலுக்கு நிற்கவில்லை.

தாழ்வாரத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளில் ஒன்றை அந்தம்மாவுக்காக எடுத்தாள்.

பிறகு அவர் கணவருக்கும் ஒன்று.

துப்பட்டா நுனியால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்தைப் பார்த்து நடந்தாள்.