பேதுருவுக்குத் திரை

நேப்பிள்ஸ் கடற்கரையில், எங்கள் மீனவர் கோயிலின் பீடத்துக்கு மேலே இருக்கும் புனித பேதுருவின் பெரிய ஓவியத்தைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது. புயலில் சிக்கிய படகுகள் திரும்பும்வரை பேதுருவுக்கு விளக்கும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது என்று எங்கள் பெண்கள் தண்டித்துவிட்டார்கள். "ஏ வழுக்கைத் தலையா, நீயும் வலை இழுத்தவன்தானே? கடல்ல முங்குறப்போ 'ஆண்டவரே, காப்பாத்தும்'னு நீ கத்தலையா? உனக்குக் கை நீட்ட ஆள் வேணும், என் புருஷனுக்கு வேணாமா?" என்று கார்மோசீனா துணியைப் பார்த்துக் கத்துகிறாள். "புனிதரை இப்படியா திட்டுறது?" என்கிறார் பாதிரியார் பிரிஸ்கோ. "எங்க ஆளை நாங்க திட்டுறோம், சாமி. நீங்க செபத்தைப் பாருங்க." அப்போது கோபுர மணி அலறுகிறது; மணியடிப்பவன் மேலிருந்து கத்துகிறான்: "படகுப் பாய் தெரியுது! எல்லாப் பாயும் தெரியுது!" கூட்டம் கரைக்கு ஓடுகிறது. கடலிலிருந்து தப்பி வந்தவர்கள் வீட்டுக்குப் போகுமுன் இங்கே வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு ஆண்கள் உள்ளே நுழைகிறார்கள். கார்மோசீனா ஒரே இழுப்பில் துணியைக் கிழித்தெறிகிறாள். திறந்த கதவு வழியே மாலை வெயில் நேராக ஓவியத்தில் பாய்கிறது. கன்னங்கரிய கடலுக்குள் இடுப்பளவு மூழ்கிய பேதுருவின் மணிக்கட்டை ஆண்டவரின் கை இறுகப் பிடித்திருக்கிறது. அந்தக் கை மட்டும் தங்கமாக எரிகிறது. கோயில் முழுக்க ஒரே ஆரவாரம். தாடியில் உப்புப் பூத்து நிற்கும் தன் புருஷன் அனியெல்லோவின் மணிக்கட்டை அவள் அதேபோல் பற்றிக்கொள்கிறாள், விடவில்லை. கண்ணீரும் சிரிப்புமாகப் பேதுருவை அண்ணாந்து பார்க்கிறாள். "ஏன் கிழவா, திட்டினாத்தான் உனக்குக் காது கேக்குமா?"