தெள்ளுப் பொருத்தம்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகத்தை அப்புறம்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்பது நாய் பூனையிலிருந்து காய்ச்சல் பரப்பும் தெள்ளுப்பூச்சி வீட்டில் இல்லை என்கிற சான்றிதழை. செங்கோடனின் மகள் செவ்வந்திக்கு வந்த ஏழு வரன்களும் பிஸ்கட் என்கிற நாயைக் கண்டதுமே செருப்பைத் தேடின. எட்டாவதுக்கு அவர் உஷாராகிவிட்டார். பிஸ்கட்டைக் காலையிலேயே மச்சினன் வீட்டில் விட்டுவிட்டு, நாயே வளர்த்ததில்லை என்று சான்றிதழில் கையெழுத்தும் போட்டார்.

மாப்பிள்ளையும் அவன் அம்மா குணவதியும் வந்து உட்கார்ந்து கேசரியில் பாதி சாப்பிட்டிருப்பார்கள். வாசலில் மாட்டியிருந்த தெள்ளு கண்டுபிடிக்கும் கருவி கனிவான குரலில் பேசியது.

“தெள்ளு ஒன்று. காய்ச்சல் கிருமி உள்ளது. அனைவரும் பதினான்கு நாள் உள்ளேயே இருக்கவும். நன்றி.”

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. செங்கோடன் எழுந்து கைகூப்பினார்.

“மன்னிச்சுக்கோணுமுங்க. நாய் இருக்குதுங்க. பொய் சொல்லிப்போட்டேன்.”

குணவதி கணுக்காலைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

“நாங்க மட்டும் யோக்கியமுங்களா? மூணு பூனைய பக்கத்து வூட்ல பூட்டி வெச்சுட்டுத்தான் வந்திருக்கோம்.”

செவ்வந்தி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?”

“தோசை ஊத்துவனுங்க.”

“சரி, நாளைக்கு ஊத்துங்க. பார்க்கலாம்.”

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசப் பெரியவர்கள் பெரிய மனசு பண்ணிப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். தெள்ளு பதினான்கு நாள் கொடுத்திருந்தது.