பத்தாவது ஆள்

டொரொண்டோவில் பனிப்புயல் நாட்களில் வீட்டு ஹீட்டர்களை மாநகரமே அணைத்துவிடும். கட்டடத்தின் பொது மண்டபத்து ஹீட்டர் மட்டும் எரியும். அதுவும் பத்துப் பேர் உள்ளே இருந்தால்தான். மக்களை ஒன்றுசேர்க்க மாநகரம் கண்ட வழி அது.

அன்று மண்டபத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் முதல்நாளே உறவினர் வீடுகளுக்கு ஓடிவிட்டார்கள். மிஞ்சியது பதினாலாம் மாடிச் செல்வமலர் ஒருத்திதான். கருவாடு பொரிக்கிறாள், அவளைக் கட்டடத்தை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று அந்த ஒன்பது பேரும் மனு எழுதி, கையெழுத்திட்டு, மண்டபச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள்.

லிஃப்ட்டும் நின்றுபோனதால் ஒன்பது பேரில் ஒருவரான குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பேரின்பநாயகம் மூச்சிரைக்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார். செல்வமலருக்கும் விரல்கள் விறைத்துத்தான் இருந்தன. ஆனாலும் அவரைக் கால் மணி நேரம் காக்க வைத்த பிறகே இறங்கினாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஹீட்டர் எரிந்தது. தலைவரின் தொண்டையும் திறந்துகொண்டது.

"அன்பு உறவுகளே, இந்தப் பனி எங்களை ஒரே குடும்பமாக்கி…"

செல்வமலர் வாசலுக்கு வெளியே போய் நின்றாள். ஹீட்டர் அணைந்தது.

"எங்க அக்கா போறியள்?" என்றார் தலைவர்.

"நீங்கள் குடும்பமா இருந்து கதையுங்கோ. எனக்கு மேல கருவாடு பொரிக்கக் கிடக்கு."

"ஐயோ, நில்லுங்கோ!"

"அப்ப சுவரில ஒட்டியிருக்கிறதைக் கிழியுங்கோ பாப்பம்."

மற்ற எட்டுப் பேரும் தலைவரை முறைத்தார்கள். அவர் மனுவை உரித்தெடுத்து நாலாகக் கிழித்தார். அவள் அசையவில்லை.

பன்னிரண்டு வருடத் தலைமையில் அவர் ஆற்றிய ஆகச் சிறந்த உரை அப்போதுதான் வெளிவந்தது:

"உள்ளுக்க வாங்கோ அக்கா. குளிருது."